பார்ட்டிகிள் போர்டு மாடுலர் கிச்சன்: 6 வருஷம் யூஸ் பண்ணி கழட்டியாச்சு, 5க்கு 2 ஸ்டார்

2019ல போட்டது, 1,10,000 ரூபா. அதே அளவுக்கு 710 ப்ளைவுட்ல (தண்ணி தாங்குற மரைன் கிரேடு, IS 710னு முத்திரை இருக்கும்) 1,85,000 சொன்னாங்க, முக்கா லட்சம் மிச்சம்னு தலையாட்டிட்டேன். கடை பேர் வேணாம்.

லுக்கு செமயா இருந்துச்சு, அத குறை சொல்லல. மூணாவது மழைக்காலத்துல சிங்க் கீழ பைப் ஜாயிண்ட் கசிஞ்சு அடிப்பலகை இட்லி மாதிரி உப்பிடுச்சு. மரத்தூள், மரச்சில்லு எல்லாத்தையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போட்டு சூட்டுல அழுத்துற பலகை இது, அந்த பசைக்கு தண்ணி ஆகாது, ஒருதடவ உப்பினா காஞ்சாலும் இறங்காது. 710ல ஃபீனால் பசை, 72 மணி நேரம் தண்ணில கொதிக்க வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க (சும்மா முத்திரை குத்தி விக்கிறதும் நடக்குது, பாத்து வாங்குங்க). உப்பின அடிப்பலகைய மாத்த எனக்கு 14,000 ஆச்சு, அப்புறம் 2024ல ஹிஞ்ச் ஸ்க்ரூ கழண்டுச்சு, அதே ஓட்டையில திரும்ப முடுக்குனா பிடிக்கல பொடிதான் கொட்டுது, அதுக்கு 9,000.

போன மாசம் மொத்தமா கழட்டினப்போதான் அடுத்த கூத்து. தாத்தா வீட்டு தேக்கு கதவ பழைய மரக்கடைல போட்டி போட்டு வாங்கினாங்க, இதுக்கு காயலான் கடைக்காரர் ஹிஞ்சும் சேனலும் மட்டும் எடுத்துட்டு பலகைய திரும்பிகூட பாக்கல. அம்மா வெந்நீர் அடுப்புக்கு ஆகும்டான்னாங்க, நான் விடல, அந்த பசையையும் லேமினேட்டையும் எரிச்ச புகைய யார் மோந்துட்டு நிக்கிறது, ஃபார்மால்டிஹைட கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பே 2004ல சொல்லிருச்சு. கடைசில குட்டியானைக்கு 1,500 குடுத்து தள்ளிவிட்டேன்.

எல்லாம் கூட்டுனா 1,34,500, வருஷத்துக்கு 22,000 சொச்சம். எதிர்வீட்டு ப்ளைவுட் அதே வருஷம் போட்டது, ஆடல அசையல, எனக்கு சொன்ன அந்த 1,85,000 ப்ளைவுட் 15 வருஷம் வந்தா வருஷத்துக்கு 12,333தான். (ப்ளைவுட்டும் புண்ணியாத்மா இல்ல, அதுலயும் பசைதான், தூக்கி போடும்போது இதே பாடுதான், ஆனா எத்தன வருஷத்துக்கு ஒருதடவ?)

வீணா போற தூளுல செய்யறது, மரம் மிச்சம்னு கடைல சொன்னாங்க. அது நெசம்தான், ஆனா 6 வருஷத்துல குப்பைக்கு போயி திரும்ப புதுசு செஞ்சா என்னத்த மிச்சம்? அதே போர்டுல போட்ட பெட்ரூம் புக் ஷெல்ஃப் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கு, அந்த 2 ஸ்டார் அதுக்குத்தான். ஈரம் படாத இடம்னா தாராளமா போடுங்க.

இப்ப சிங்க் கீழ பலகையே கிடையாது, கடப்பா கல்லு. அம்மா 2019லயே சொன்னாங்க.