கைபேசியில் விவிலியத் திருமுறையும் புறநூல்களும்: நான்கு ஆண்டு அனுபவம்

என் அம்மம்மா திருமணமாகி ஏழு ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, தலவிலக் கோயிலின் அன்னம்மாளுக்கு (இயேசுவின் தாய் மரியாவின் அம்மா) நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை என் அம்மா. திருகோணமலையிலிருந்து தலவிலைக்குப் போவதென்றால் தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போக வேண்டும். போய் வந்த கதையோடு அன்னம்மாளின் கதையையும் அம்மம்மா சேர்த்தே சொல்வார். பிள்ளையில்லாதவர் என்று சொல்லிக் கோயிலில் அன்னம்மாளின் கணவர் சுவக்கினின் காணிக்கையைத் தள்ளிவிட்டார்களாம். அவர் வீட்டுக்குத் திரும்பாமல் வனாந்தரத்துக்குப் போனாராம். அன்னம்மாள் தோட்டத்தில் தனியே நின்று அழுதாராம். இதெல்லாம் விவிலியத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். பாலையூற்றில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு தேடினேன். நான்கு நற்செய்திகளிலும் மரியாவின் தாயுடைய பெயரே இல்லை. அந்தப் பெயர் இருக்கும் யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலை நான் முதலில் வாசித்தது கைபேசிச் செயலி ஒன்றில்.

2021 ஆகஸ்டில் நாடு மறுபடியும் ஊரடங்குக்குள் போனபோது அந்தச் செயலியை இறக்கினேன். இன்றுவரை ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அதன் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் பல செயலிகள் இருக்கின்றன, நான் சொல்பவற்றில் பெரும்பகுதி அந்த வகைக்கே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அமைப்பு எளிது. செயலியை நிறுவிவிட்டு, வேண்டிய நூல்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், புராட்டஸ்தாந்தர் பயன்படுத்தும் பழைய வேதாகமம், ஆங்கிலத்தில் டூவே ரெய்ம்ஸ் என்ற கத்தோலிக்க மொழிபெயர்ப்பு, அதற்கப்பால் ஏனோக்கு முதல் தோமா பணிகள் வரை எங்கள் விவிலியத்தில் சேராத புறநூல்கள் சில என்று என்னிடம் இருக்கின்றன. இறக்கிய பின் இணையம் தேவையில்லை. இதன் அருமை 2022இல்தான் தெரிந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் போய்ச் சிறிது நேரத்தில் இணையமும் போய்விடும். அந்த இரவுகளில் திரையைக் கறுப்பாக்கி, எழுத்தை வெள்ளையாக்கி, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துச் சீராக்கின் ஞானம் என்ற நூல் முழுவதையும் வாசித்து முடித்தேன். அச்சுப் புத்தகம் மேசையில்தான் இருந்தது. ஆனால் மெழுகுவர்த்தியும் விலையேறிய காலம் அது.

தமிழில் தேடுவதுதான் எனக்கு மிகப் பெரிய தொல்லை. இந்தத் தேடுபொறி தமிழுக்காகச் செய்யப்பட்டதல்ல. தானியேல் நூலில் சூசன்னா என்ற பெண்ணின் மீது பொய்ச் சாட்சி சொன்ன முதியவர்கள் இருவரையும் தானியேல் தனித்தனியே விசாரிக்கிறார். அவளை எந்த மரத்தின் கீழ் கண்டாய் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொள்கிறார்கள். வகுப்புக்காக அந்த இடத்தைத் தேட 'மரம்' என்று எழுதினேன். வரவில்லை. நூலில் இருப்பது 'மரத்தின்'. 'மர' என்று மட்டும் எழுதினால் மரமும் வருகிறது, மரணமும் வருகிறது, மரபும் வருகிறது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் உடலே மாறும் மொழி நம்முடையது என்பதைச் செயலி செய்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, 'கொ' போன்ற எழுத்தின் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நூல் ஒருவிதமாகவும் என் விசைப்பலகை இன்னொருவிதமாகவும் பதிந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்புகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து வாசிக்கும் வசதியை நான் மிக விரும்புகிறேன். ஆனால் தானியேல் 3ஆம் அதிகாரத்தில் அது தடுமாறும். கத்தோலிக்க ஆங்கிலப் பதிப்பில் 23ஆம் வசனத்துக்குப் பிறகு அசரியாவின் மன்றாட்டும், அரசன் தீயில் போட்ட மூன்று இளைஞரின் பாடலுமாக 60க்கும் மேற்பட்ட வசனங்கள் வருகின்றன. பழைய வேதாகமத்தில் அவை இல்லை. ஆகவே 24ஆம் வசனத்தில் தமிழ்ப் பக்கத்தில் அரசன் திகைத்து நிற்கிறான், ஆங்கிலப் பக்கத்தில் இளைஞர்கள் தீயின் நடுவே பாடியபடி நடக்கிறார்கள். எண்ணை எண்ணோடு பொருத்தத் தெரிந்த செயலிக்குப் பொருளைப் பொருளோடு பொருத்தத் தெரியவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது நூற்பட்டியலைத் திறக்கும்போது. தோபித்து, யூதித்து, மக்கபேயர், ஏனோக்கு, யாக்கோபின் முதல் நற்செய்தி எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கின்றன. எனக்குத் தோபித்து திருமுறை, அதாவது விவிலியத்தின் பகுதியாக ஏற்கப்பட்ட நூல். எங்கள் விவிலியத்தில் 73 நூல்கள், அந்தப் பட்டியலைக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1546இல் உறுதிசெய்தது. என்னோடு வேலைசெய்யும் மெதடிஸ்த சபை அக்காவுக்கு 66 நூல்கள். தோபித்து அவருக்குத் தள்ளுபடியாகமம். 1611இன் ஆங்கில வேதாகமத்தில் அந்த நூல்கள் இருந்தன என்று இதே செயலியில் காட்டியபோது அவர் வியந்துபோனார். 1826இல் பிரித்தானிய வேதாகமச் சங்கம் அவற்றுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்ததையும் அதன் பிறகு சேர்ந்தே படித்தோம். ஏனோக்கோ எங்கள் இருவருக்குமே திருமுறை அல்ல; ஆனால் எத்தியோப்பியத் திருச்சபைக்குத் திருமுறை. இவ்வளவு பெரிய வேறுபாடுகளை ஒரே தலைப்புக்குள் திணித்தால் புதிதாக வரும் பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்?

விளங்காமல்தான் வந்தான் என் வகுப்பு மாணவன் ஒருவன். திருச்சபை ஒளித்துவைத்த புத்தகம் என்று ஏனோக்கைப் பற்றி எங்கோ காணொளி பார்த்திருக்கிறான். "ரீச்சர், ஏன் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை?" என்று கேட்டான். செயலியில் யூதா திருமுகத்தின் 14, 15ஆம் வசனங்களையும் ஏனோக்கின் முதல் அதிகாரத்தையும் அருகருகே திறந்து காட்டினேன். புதிய ஏற்பாடே மேற்கோள் காட்டும் நூலை யாரும் ஒளித்துவைக்கவில்லை, எத்தியோப்பியர் கையில் அது எப்போதும் இருந்தது என்றேன். அன்று அந்தச் செயலி எனக்குப் பெரிய துணை. ஆனால் அந்த விளக்கம் நூலின் முகப்பிலேயே நான்கு வரியாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நான்கு வரி இல்லாததால் நானே ஏமாந்ததும் உண்டு. 'தோமா நற்செய்தி' என்ற பெயரைப் பார்த்து, 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கிடைத்த 114 கூற்றுகள் கொண்ட நூல் என்று எண்ணித் திறந்தேன். உள்ளே ஐந்து வயதுச் சிறுவன் இயேசு களிமண்ணில் பன்னிரண்டு குருவிகள் செய்து பறக்க விடுகிறார். அது வேறு நூல், இயேசுவின் குழந்தைப் பருவத்தைச் சொல்வது. பெயர் மட்டும் ஒன்று. காரணம் பிறகு புரிந்தது. காப்புரிமை முடிந்த பழைய மொழிபெயர்ப்புகளைத்தான் இலவசச் செயலிகள் எடுத்துக்கொள்கின்றன. இதில் இருப்பது ஆங்கில அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ் 1924இல் வெளியிட்ட தொகுப்பு. நாக் அம்மாதிச் சுவடிகள் மண்ணுக்கு மேலே வர அப்போது இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன.

அந்தக் குருவிக் கதையைக் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் தோழி ஒருவரிடம் சொன்னேன். அவர் உடனே, ஈசா நபி களிமண்ணால் பறவை செய்து அல்லாஹ்வின் அனுமதியால் உயிர் கொடுத்தது குர்ஆனில் இருக்கிறது என்றார். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 49ஆம் வசனத்தை அவருடைய கைபேசியில் எடுத்துக் காட்டினார். மதிய உணவு ஆறிப்போகும்வரை இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்து வாசித்துக்கொண்டிருந்தோம்.

உரக்க வாசிக்கும் வசதி சுமார்தான். வசன எண்களையும் சேர்த்து வாசிக்கிறது. ஆனாலும் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்த வாரங்களில் அதுதான் கைகொடுத்தது. கண்ணில் வெண்படலம் விழுந்த தோபித்துக்கு மீனின் பித்தத்தைத் தடவிப் பார்வை வரும் பகுதியை அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அம்மாவிடமிருந்துதான் அடுத்த வேலையும் வந்தது. யாக்கோபின் முதல் நற்செய்தி செயலியில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, அதுவும் பழைய ஆங்கிலம். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்த நூலை, திருத்தந்தை கெலாசியுசின் பெயரால் வழங்கும் பழைய பட்டியல் ஏற்கத்தகாதவற்றுள் சேர்த்திருக்கிறது. ஆனால் சுவக்கின், அன்னா விழாவை ஜூலை 26இல் நாம் கொண்டாடுகிறோம். விவிலியத்தில் இல்லாத அந்த இரண்டு பெயர்களும் நமக்குத் தெரிந்ததே இதன் வழியாகத்தான். மூன்றாம் அதிகாரத்தில் அன்னா மரத்தில் ஒரு குருவிக்கூட்டைப் பார்க்கிறார். வானத்துப் பறவைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும்கூடப் பலன் உண்டு, எனக்கு இல்லையே என்று புலம்புகிறார். முதன்முறை வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் குரலே கேட்டது. இதைத் தமிழில் தரச் சொன்னார் அம்மா. செயலியின் குறிப்புப் பகுதியிலேயே சிறிது சிறிதாக மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

2023இல் கைபேசி பழுதாகிப் புதியது வாங்கினேன். பழைய கணக்கில் நுழைந்ததும் நூல்கள் திரும்பி வந்தன. குறிப்புகள் வரவில்லை. அவை கைபேசிக்குள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன என்பதைச் செயலி எங்கேயும் தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு வாசிப்பின் குறிப்புகளும் மொழிபெயர்ப்பும் போயின. உதவி கேட்டு எழுதினேன், பதிலில்லை. அமைப்புகளின் அடியில் குறிப்புகளைக் கோப்பாக வெளியே எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. இந்த வகைச் செயலியில் குறிப்பெழுதும் எவரும் முதல் நாளே அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நான் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கோப்பை எடுத்து மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பை மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். சிறிய அதிகாரங்கள், மொத்தம் 25. இரவில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், சொல் சரியில்லை என்றால் திருத்துவார். இப்போது நான்காம் அதிகாரத்தில் இருக்கிறோம். சுவக்கின் மந்தைகளோடு திரும்பி வருகிறார். அன்னம்மாள் வாசலில் நிற்கிறார்.