அகெய்ன்ஸ்ட் த லா: ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு பார்வை

இங்கிலாந்தில் ஆண்களின் ஒருபாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து ஓரளவு விலக்கிய 1967ஆம் ஆண்டுச் சட்டம் வந்து 50 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2017இல் பிபிசி ஒளிபரப்பிய இந்நாடகத்தை, மொரீசியசின் ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவோடும் அக்காவோடும் அமர்ந்து அண்மையில்தான் பார்த்தேன். 1954இல் மோண்டேகு பிரபுவோடு சேர்த்து ஒருபாலுறவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 18 மாதச் சிறைவாசம் பெற்ற பத்திரிகையாளர் பீட்டர் வைல்டுபிளட்டின் கதை இது. டேனியல் மேஸ் அவராகவே வாழ்ந்திருக்கிறார். குறிப்பாக, தாம் நேசித்த விமானப்படை வீரரே தமக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, சினமும் இரக்கமும் ஒருசேரத் தெரியும் அந்த முகத்தை எளிதில் மறக்க இயலாது.

அக்காலத்தை வாழ்ந்து கடந்த முதியவர்கள் இடையிடையே தோன்றித் தம் அனுபவங்களைக் கூறுகிறார்கள். இது கதையோட்டத்தைக் குலைக்கும் என்றே முதலில் எண்ணினேன். ஆனால், மருத்துவம் என்ற பெயரில் நடந்த கொடுமைகளை அவர்கள் அமைதியாக விவரிக்கும்போது, நடிப்பே சற்றுச் சிறியதாகத் தோன்றிவிடுகிறது. இவ்வுறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று 1957இல் அறிக்கை அளித்த வுல்ஃபெண்டன் அரசுக் குழுவைப் பற்றிய பகுதி மட்டும் அவசரமாக முடிகிறது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 10 ஆண்டுகள் கழிந்தன. அச்சட்டமும் 21 வயது நிரம்பியோர் தனிமையில் கொள்ளும் உறவுக்கே பொருந்தியது.

நம் மொரீசியசிலோ, குதப்புணர்ச்சியைக் குற்றமாக்கிய, 1838ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 250ஆம் பிரிவு, மனமொத்த ஆண்களின் தனிவாழ்வுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 அக்டோபர் 4 அன்றுதான். ஆகவே, இது நமக்குப் பழங்கதையன்று. அம்மாவுக்காக அக்கா ஒவ்வொரு காட்சியையும் கிரியோலில் சொல்லிக்கொண்டே வந்தார். நீதிமன்றக் காட்சியில் மட்டும் அவருக்குப் பேச்சு எழவில்லை.