ஸ்வெல்ட் 5: நிலாவெளி சிக்னலில் ஓட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் கெஸ்ட் ஹவுஸ், படகுச் சவாரி, டைவிங் என்று சின்ன வியாபாரங்களுக்கு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுக்கிறவர் என்றால் வெப் பக்கங்களை எழுத உதவும் ஸ்வெல்ட் என்ற கருவியையும், அதோடு வரும், சர்வர் வேலையையும் பார்க்கிற ஸ்வெல்ட்கிட்டையும் தைரியமாக எடுக்கலாம். கொழும்பில் வேலை தேடுகிறவர் என்றால் முதலில் இதே வேலைக்கு அதிகம் பேர் எடுக்கிற ரியாக்டைப் படியுங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை.

நான் செய்தது நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கான புக்கிங் வேலை. ரூம் காலண்டர், விலைக் கணக்கு, புறாமலைத் தீவுக்குப் படகு கேட்கிற படிவம், எல்லாமே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது, லாப்டொப்பில் பார்த்தால் நல்ல அழகு. முதலாளி அண்ணா சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, படம் வர முதலே ஆக்கள் மூடிப்போட்டுப் போயிடுறாங்கள்.” இந்தக் கரையில் சீசன் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரைக்கும்தான். அந்த மாதங்களில் பீச்சில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே டவரை இழுக்கிறார்கள், வீடியோ அனுப்புகிறார்கள், நடுவில் நம்முடைய பக்கமும் இறங்க வேண்டும். அதனால் எதை எடுப்பது என்று யோசித்தபோது எனக்கு வசதியானது எது என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, விலை குறைந்த பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் எது தாங்கும் என்று மட்டும் பார்த்தேன்.

ஸ்வெல்ட்டை 2016-ல் வெளியிட்ட ரிச் ஹாரிஸ் பத்திரிகைகளுக்கு இன்டராக்டிவ் கிராபிக்ஸ் செய்துகொண்டிருந்தவர். செய்தி வாசிக்க வருகிறவரின் ஃபோனில் பெரிய சுமையை இறக்க முடியாது. அந்த நெருக்கடி ஸ்வெல்ட்டின் அடிப்படையிலேயே தெரிகிறது. நாம் எழுதியதை நம் கொம்பியூட்டரிலேயே கம்பைல் செய்து, அதாவது பிரவுசருக்குப் புரிகிற கோடாக முன்கூட்டியே மாற்றி, தேவையான ஜாவாஸ்கிரிப்டை மட்டும் அனுப்புகிறது. ரியாக்ட் என்றால் நம் கோட் ஒரு வரி வருவதற்கு முன்பே, சுருக்கிய பிறகும் 40 கிலோபைட்டுக்கு மேல் அதன் சொந்த லைப்ரரி இறங்கியாக வேண்டும். நல்ல சிக்னலில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் இறங்கினால் மட்டும் போதாதே, அதை வாசித்து ஓட்டுகிற வேலையும் அந்தப் பழைய ஃபோனின் தலையில்தான் விழுகிறது. பெரிய அப்ளிகேஷனில் ஸ்வெல்ட்டுக்கும் கம்போனன்ட் (பக்கத்தைக் கட்டுகிற துண்டுகள்) கூடக் கூட எடை ஏறும், இடைவெளி குறைந்துவிடும். எங்களுடையது பெரிய அப்ளிகேஷன் இல்லை.

எழுதுகிற சுகத்துக்கு ஒரு உதாரணம். வருகிற திகதி, போகிற திகதி, ஆள் எண்ணிக்கை மூன்றும் மாறினால் மொத்த விலை மாற வேண்டும். ஸ்வெல்ட் 5-ல் மூன்றையும் ‘டொலர் ஸ்டேட்’ (மாறக்கூடியது) என்று அறிவித்து, விலையை ‘டொலர் டிரைவ்ட்’ (அவற்றில் இருந்து கணக்கிடுவது) என்று ஒரு வரியில் எழுதினால் முடிந்தது, எது எதைச் சார்ந்தது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ரியாக்டில் இதே கணக்கை ‘யூஸ் எஃபெக்ட்’டுக்குள் போட்டு, எவை மாறினால் அது திரும்ப ஓட வேண்டும் என்கிற சார்புப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க மறந்து, திகதி மாறியும் விலை மாறாமல் நிற்கிற கோட் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அங்கே எஃபெக்டே தேவையில்லை, நேராகக் கணக்குப் போட்டாலே போதும் என்று ரியாக்டின் சொந்த ஆவணமே சொல்கிறது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அந்த இடத்தில்தான் போய் விழுகிறார்கள்.

என்னை முழுதாக இழுத்தது ஸ்வெல்ட்கிட்டின் படிவம்தான். சாதாரண எச்டிஎம்எல் படிவமாக எழுதி ‘யூஸ் என்ஹான்ஸ்’ என்று சேர்க்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்திருந்தால் பக்கம் புதுப்பிக்காமலே போகும், இன்னும் வராவிட்டால் பழைய முறையில் சர்வருக்குப் போகும், எப்படியும் போகும். நிலாவெளி பீச்சில் நின்று அதை அழுத்திப் பார்த்தேன்: காலண்டர் இன்னும் உயிர் பெறவில்லை, படகுப் படிவத்தின் பட்டன் வேலை செய்தது, கோரிக்கை அண்ணாவுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இதற்கு முன் கூகிளின் ஃப்ளட்டர் என்ற கருவியை வெப்புக்கும் ஆசையாக எடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் அதே கோட்டில் ஃபோன் ஆப்பும் வந்துவிடும். ஃபோன் ஆப்புக்கு அது அருமையான சாமான். வெப்பில் திரையை வரைகிற கான்வாஸ்கிட் என்று ஏறத்தாழ ஒன்றரை எம்பி முதலில் இறங்க வேண்டும், எழுத்தை பிரவுசரிடம் விடாமல் அதுவே வரைகிறது. நாம் ஃபொன்டைக் கூடவே கட்டி அனுப்பாவிட்டால், தமிழும் சிங்களமும் முதலில் வெறும் பெட்டிகளாக வந்து, ஃபொன்ட் இறங்கிய பிறகுதான் எழுத்தாகும். மூன்று மொழி ஊரில் அது சரிவராது.

பிரவுசருக்குள் தனக்கென்று ஒரு உலகத்தைக் கட்டுவது புதிதும் இல்லை. மேக்ரோமீடியாவிடம் இருந்து அடோபி வாங்கிய ஃபிளாஷ், 2007-ல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்த சில்வர்லைட், சன் கம்பெனியின் ஜாவா எஃப்எக்ஸ் எல்லாம் இதே புரோகிராமர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் போட்டி போட்டவைதான். இலவசக் கருவி, பளபளப்பான டெமோ, மாநாடு என்று எல்லாம் கொடுத்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை அமெரிக்காவில் என்பிசி இணையத்தில் காட்டியது சில்வர்லைட்டில். ஐஃபோன் பிரவுசரில் ஃபிளாஷுக்கும் இடமில்லை, சில்வர்லைட்டுக்கும் இடமில்லை. 2021 ஜனவரி 12-ல் இருந்து ஃபிளாஷ் பிளேயர் ஓடுவதையே அடோபி நிறுத்தியது, அதே வருடம் அக்டோபர் 12-ல் சில்வர்லைட்டின் ஆதரவு முடிந்தது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டிலும் எக்ஸ்ஏஎம்எல்லிலும், அதாவது அந்தக் கருவிகளுக்கான மொழிகளில், வருடக்கணக்காகக் கை பழகியவர்கள் வேறு வேலை கற்க வேண்டியதாயிற்று. ஸ்வெல்ட் கடைசியில் கொடுப்பது வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்பதால், நாளைக்கு அது நின்றுபோனாலும் அண்ணாவின் பக்கம் நிற்காது, பிரவுசரில் ஓடும். எனக்குத் திருப்தி தருவது அதுதான்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. 2024 அக்டோபரில் ஸ்வெல்ட் 5 வந்தபோது எழுதும் முறை நிறையவே மாறியது. பழைய கோட் இன்னும் ஓடும்தான், ஆனால் இணையத்தில் கிடக்கிற உதாரணங்களில் பாதி பழையவை, ஏஐ உதவியாளர்களும் இரண்டு முறையையும் கலந்து தருகின்றன, புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு எது சரி என்று தெரியாது. தளத்தில் உள்ள இன்டராக்டிவ் பாடத்தை மட்டும் முழுதாகச் செய்யச் சொல்லுங்கள், அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அப்புறம் ரெடிமேட் கம்போனன்ட். ரியாக்டுக்குக் கிடைக்கிற காலண்டர், சார்ட், டேபிள் அளவுக்கு இங்கே தெரிவு இல்லை. ரூம் காலண்டரை நானே உட்கார்ந்து எழுத வேண்டி வந்தது. ரிச் ஹாரிஸ் 2021-ல் இருந்து வெர்செல் கம்பெனியில் இருக்கிறார், ரியாக்டை வைத்து நெக்ஸ்ட் ஜேஎஸ் செய்கிற அதே கம்பெனி. ஸ்வெல்ட் யாரும் சும்மாவே எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய எம்ஐடி லைசன்ஸில் இருப்பதால் பயமில்லை, ஆனாலும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய விஷயம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ஆள். நான் ஊரில் இல்லாத நேரம் பக்கம் பழுதானால் யார் பார்ப்பது? கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகளில் என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் ரியாக்ட் தெரியும், ஸ்வெல்ட் தெரிந்த ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை. வேலை விளம்பரம் ரியாக்ட் கேட்கிறது, அதனால் பிள்ளைகள் ரியாக்ட் படிக்கிறார்கள், அதனால் கம்பெனிகளும் அதையே கேட்கின்றன. இதை நல்ல டிசைன் மட்டும் உடைத்துவிடாது. அதனால் நான் கோட்டில் ஒவ்வொரு படிவத்துக்கும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், மூன்று மொழிக் காலண்டரைத் தனியாகப் பிரித்தும் வைத்திருக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இதே மாதிரி வேலை எடுத்திருக்கிறவர்கள் கேட்டால் சும்மாவே தருவேன், சீசன் தொடங்க முதல் கேளுங்கள்.