மாடி ஏறாமலே ஒழுகலுக்கு விலை சொன்னவர்

ஹால் சீலிங்கில் தட்டு அகலத்துக்கு ஒரு கறை. பார்க்க வந்த காண்டிராக்டர் கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "வெள்ளை கோட்டிங் ரெண்டு கோட் அடிச்சா போதும் சார், பத்து வருஷம் வாரண்டி" என்றார். மொட்டை மாடிக்கு ஏறவே இல்லை. அப்போதே அனுப்பி வைத்திருக்க வேண்டும்.

கறைக்கு நேர் மேலேதான் தண்ணீர் இறங்குகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தளத்துக்குள் புகுந்த நீர் கம்பி ஓரமாகவோ, உள்ளே புதைத்த ஒயர் பைப் வழியாகவோ ஓடி, பல அடி தள்ளி எட்டிப் பார்க்கும். என் வீட்டில் ஃபேன் கொக்கி பக்கத்தில்.

முதல் நாள் நல்ல மழை. மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். தளம் காயவில்லையே என்றேன். "மேல காஞ்சிடுச்சு, போதும்" என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு கோட்டும் முடிந்துவிட்டது! முதல் கோட் காய நேரமே கொடுக்கவில்லை. எத்தனை வாளி திறந்தார்கள், எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. பளிச்சென்று வெள்ளையாக இருந்ததைப் பார்த்து முழுப் பணத்தையும் கொடுத்தேன். அதுதான் என் பெரிய முட்டாள்தனம்.

அடுத்த மழைக்குப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. போன் செய்தேன். "ஈரம் வெளியேறுது, தானா சரியாகிடும்" என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. வாரண்டிச் சீட்டைப் புரட்டினால் "விரிசலால் வரும் கசிவுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பின்னே எதற்குத்தான் பொருந்துமாம்?

பிறகு வந்த வயதான மேஸ்திரி நேராக மாடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். அது வடிகுழாய்ப் பக்கம் போகாமல் கைப்பிடிச் சுவர் மூலையில் போய்த் தேங்கியது. அந்த மூலையில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம், அதாவது தண்ணீர் வடிய சரிவு, வேண்டுமாம். வாட்டம் இல்லாத தளத்தில் எந்த கோட்டிங் அடித்தாலும் தண்ணீர் அதன் மேலேயே ஊறிக்கிடக்கும் என்றார்.

பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். மூலைப் பிளவை வெட்டி அடைத்து, சுவரோரம் சரிவாகக் கலவை பூசி, வாட்டத்தையும் சரி செய்தார்கள். அது ஆறி முழுதாய்க் காயும் வரை கோட்டிங் டப்பாவைத் தொட விடவில்லை. ஈரம் போய்விட்டதா என்று பார்க்க அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் வேர்த்திருந்தால் தளத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது.

கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகு வடிகுழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கீழே சீலிங்கைப் பார்த்தோம். கசிவு இல்லை என்ற பிறகுதான் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டார். முதல் ஆளிடமும் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும்.

இடையில் ஒருவர், சீலிங்கை உள்பக்கம் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் கறை தெரியாது என்றும் யோசனை சொன்னார். கறை மறையும். மேலிருந்து வரும் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, ஒருநாள் கான்கிரீட் பெயர்ந்து தலையில் விழும்.

அந்தப் பத்து வருட வாரண்டிச் சீட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே தேதியே போடவில்லை என்பதை நேற்றுதான் கவனித்தேன்.