மரச்சுவரில் அலமாரி பொருத்தித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வேலூரில் மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில், படுக்கையறைக்கென்று ஐந்து இழுப்பறைகள் கொண்ட உயரமான அலமாரி ஒன்றை வாங்கி, அதைச் சுவரோடு பிணைத்துத் தருவதற்குத் தனியாகக் கூலியும் கட்டினேன். அந்தப் பிணைப்பு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. பெரிய கடை, ரசீது கொடுக்கிறார்கள், ஆளையும் அவர்களே அனுப்புகிறார்கள் என்று நம்பும் எவருக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் மாடியறையின் ஒரு பக்கச் சுவர் செங்கல்லால் ஆனதன்று. ஆரணிப் பக்கம் இடித்த பழைய வீடு ஒன்றின் தேக்குப் பலகைகளை வாங்கி, ஒன்றோடொன்று கோத்து எழுப்பிய கெட்டி மரச்சுவர் அது. பலகையின் கனம் ஒன்றரை அங்குலம், அதாவது சுமார் 38 மி.மீ. பணம் கட்டும்போதே இதைக் கடையில் சொன்னேன். அதற்கேற்ற ஆளை அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

வந்தவரிடம் இருந்தவை யாவும் செங்கல் சுவருக்கான சாமான்கள்: சுத்தியடி டிரில்லிங் மிஷின், 8 மி.மீ. கான்கிரீட் பிட், ஒரு பை பிளாஸ்டிக் பிளக், ஜிப்சம் பலகைக்குப் பயன்படும் கருப்பு ஸ்க்ரூ. மரத்தில் கான்கிரீட் பிட்டை ஓட்டினால் அது மரத்தை அறுப்பதில்லை, இடித்துப் பிய்க்கிறது. அப்படிப் பிய்ந்த துளையில் பிளக்கை அடித்து, அலமாரியின் முதுகில் இருக்கும் 3 மி.மீ. ஹார்ட்போர்டு வழியாகவே ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பின்பு, வீட்டுக்கு வந்திருந்த தங்கையின் சிறு மகள் கீழ் இழுப்பறைகள் இரண்டை இழுத்து அவற்றின் மேல் காலை வைத்தபோது அலமாரி முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி தாங்கிப் பிடித்துவிட்டதால் குழந்தைக்கு அடி எதுவும் படவில்லை. சுவரைப் பார்த்தபோது இரண்டு பிளக்குகள் ஸ்க்ரூவோடு சேர்ந்து முழுதாக வெளியே வந்திருந்தன. அவற்றின் வரிப்பள்ளங்களில் தேக்குத் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. மூன்றாவது ஸ்க்ரூ கழுத்தில் ஒடிந்திருந்தது. நான்காவது மட்டும் சுவரை விடவில்லை, ஆனால் ஹார்ட்போர்டைக் கிழித்துக்கொண்டு அதன் தலை மறுபக்கம் வந்துவிட்டது.

கடைக்குப் போன் செய்தால், "மரச்சுவர்ல எதுவும் நிக்காது சார், உங்க சுவர்தான் சரியில்ல" என்றார்கள். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்தப் பதில்தான். ஏனென்றால் உண்மை இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்பு உதிரும் பழைய செங்கல் சுவரைவிடவும், உள்ளே வெற்றிடமுள்ள தடுப்புகளைவிடவும், ஸ்க்ரூவை நன்றாகப் பிடித்துக்கொள்வது கெட்டி மரம்தான்.

பிறகு எங்களுக்குப் பழக்கமான ஆசாரியை வரவழைத்தோம். துளைகளைப் பார்த்ததும் அவர் கேட்டது, "மரத்துக்கு எதுக்கு சார் பிளக்கு? மரமே புடிச்சிக்குமே." பிளக் என்பது கல்லுக்குள் விரிந்து இறுகுவதற்காகச் செய்யப்பட்டது. மரத்தில் ஸ்க்ரூவின் மரை நேரடியாக நார்களைக் கவ்வ வேண்டும்; நடுவே பிளாஸ்டிக் வந்தால் அந்தக் கவ்வல் போய்விடும், பலகையின் ஓரத்தில் அடித்தால் நார்வாக்கில் விரிசலும் விடும். கருப்பு ஸ்க்ரூ கடினமானது என்றாலும் வளையாது, பக்கவாட்டில் பளு வந்தால் ஒடிந்துவிடும்.

அவர் பழைய துளைகளைத் தொடாமல் வேறு பலகையைத் தேர்ந்தெடுத்தார். 5 மி.மீ. பருமனுள்ள மர ஸ்க்ரூவுக்கு முதலில் 3.5 மி.மீ. துளை போட்டு, மரையில் சோப்பைத் தடவிக் கையாலேயே முடுக்கினார் (தேக்கில் இது கொஞ்சம் தோள் வலிக்கும் வேலைதான்). பலகையின் மறுபக்கம் துருத்தாமலிருக்க 35 மி.மீ. நீளமே போதுமென்றார், பின்னால் மின்கம்பி போகவில்லை என்பதையும் முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டார். அலமாரியைச் சுவரோடு பிணைக்க அவர் போட்டது எல் வடிவத்தில் வளைந்த உலோகப் பட்டையான எல் கிளாம்பு. சுவரில் முடுக்கிய அதன் மறுமுனை ஹார்ட்போர்டில் அன்றி, அலமாரியின் மேல் சட்டத்தில் போய்ப் பிடித்தது. சுவரின் அடியோரமாக ஓடும் பீடிங் கட்டை இடித்து அலமாரி சுவரை விட்டு விலகி நின்றதால், அந்த இடைவெளியில் மேலே ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) வைத்து நிரப்பினார். கிளாம்பின் துளை வட்டமாக இல்லாமல் நீண்டதாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நம் வேலூர்க் கோடையில் சுருங்கி ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பும் பலகை அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுக்கு இடம் விடாவிட்டால் நாளடைவில் ஸ்க்ரூ தளரும்.

இழுப்பறைகள் திறந்திருக்கும்போது எடை முன்னால் நகர்வதால் அலமாரி கவிழ்வது புதிய செய்தியன்று. குழந்தைகள் இறந்ததையடுத்து 2016-இல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. 2022-இல் அங்கே இதற்கென்றே சட்டம் வந்தது. வேலூர்ப் பகுதியிலும் 2021 நவம்பரில் 3.6 அளவில் நில அதிர்வு உணரப்பட்டது என்பதால், குழந்தைகள் இல்லாத வீட்டிலும் உயரமான சாமான்களைப் பிணைத்து வைப்பது வீண் வேலையாகாது.

எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, வருபவர் எந்த ஸ்க்ரூவைப் போடுவார், அலமாரியின் எந்தப் பாகத்தில் பிடிப்பார் என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மரச்சுவர் என்று சொன்ன பிறகும் பிளக் பையைத் திறந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பொருத்தி முடிந்ததும் அலமாரியின் மேல்விளிம்பைப் பிடித்து நீங்களே முன்னால் இழுத்துப் பாருங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

என் ரசீதில் பொருத்தும் கூலி தனி வரியாக இருப்பதால், அந்தத் தொகையையும் ஆசாரிக்குக் கொடுத்த கூலியையும் கேட்டுக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்பி, நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் பதிந்திருக்கிறேன். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஒடிந்த ஸ்க்ரூவும் பிளக்குகளும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன. கடையிலிருந்து இதுவரை பதில் வரவில்லை.