பாக்டீரியாக் கிளைகள்: சமன்பாடா, நடையர்களா?

உணவைக் குறைத்து, கெட்டியான அகரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்தால், கூட்டம் வட்டமாகப் பரவாது. பவளம்போல் கிளை விடும். இதைக் கணக்கில் பிடிக்க இரண்டு வழிகள்.

கவாசாகி குழுவின் 1997 மாதிரியில் இரண்டே சமன்பாடுகள்: ஒன்று செல் அடர்த்திக்கு, மற்றது உணவுக்கு. சூட்சுமம், செல்கள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் பரவல் கெழுவில்தான். அது உணவின் அளவையும் செல் அடர்த்தியையும் ஒன்றோடொன்று பெருக்கி வருவதால், ஒன்று வற்றினாலும் செல்கள் நின்றுவிடும். துருத்திய முனை புது உணவைத் தொட்டு முந்தும். உள்ளே ஒடுங்கிய இடம் பட்டினி கிடக்கும். கிளை அப்படித்தான் பிறக்கிறது.

1994இல் பென்-ஜேக்கப் குழு தந்த மாதிரியில், செல் அடர்த்திச் சமன்பாட்டுக்குப் பதிலாக, தனித்தனியே நகரும் 'நடையர்கள்' உலவுகிறார்கள். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான செல்களுக்குப் பிரதிநிதி. தின்பார், பிரிவார், பசித்தால் முடங்குவார், வேதிச் சமிக்ஞை விடுவார். (உணவுக்கு இங்கும் பரவல் சமன்பாடுதான்!)

கிளைக்கும் காரணம் புரிய என் ஓட்டு முதலாவதுக்கு. செல்களுக்கிடையே நடக்கும் பேச்சைச் சோதிக்க வேண்டுமானால், நடையர்களே வசதி.