கல்லூரி ஃபுட்பால் டிக்கெட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் இந்த சீசனில் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) பார்க்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன சனிக்கிழமை 360 டாலரைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேடியத்தின் வாசலோடு திரும்பி வந்தோம்.

மகள் மூன்றாம் வருடம் படிக்கிறாள். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவுக்கு, பேத்தி ஓயாமல் பேசுகிற அந்த ஆட்டத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவளிடம் மாணவர் டிக்கெட் இருந்தது, எங்கள் நாலு பேருக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் 70 டாலருக்கு வாங்கிய அதே மேல்வரிசை இருக்கை இப்போது மறுவிற்பனைத் தளத்தில் 165, பார்க்கிங் தனியாக 60.

விலை ஏறியதில் இதற்கும் பங்கு உண்டு: 2025 முதல் கல்லூரிகளே தங்கள் அணியில் ஆடும் மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது, முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. டென்னசி பல்கலைக்கழகம் அதற்கென்றே டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் போட்டது. ஆடுகிற பையன்களுக்குக் காசு போவது நியாயம்தான், ஆனால் அந்தப் பாரம் குடும்பத்தோடு வருகிறவர்கள் தலையில்தான் இறங்குகிறது, விலை இப்படி எட்டாமல் போகும்போதுதான் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவனை நம்பத் தோன்றுகிறது.

ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர், திடீரென்று ஒரு கல்யாணம் வந்துவிட்டது, நாலு டிக்கெட் இருக்கிறது, ஒன்று 90 டாலர் என்று எழுதியிருந்தார். டிக்கெட்டுகளை டிக்கெட் ஆப்பில் என் கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். ஆட்டத்தன்று காலையில்தான் மாற்ற முடியும், அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று பார்கோடு தெரிய ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். நானும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணத்தை அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் எதுவும் வரவில்லை, சரி, ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டோம்.

வாசலில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அந்தப் பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்குமாம், படமெடுத்து வைத்திருந்தால் செல்லாது. குழுவில் போய்ப் பார்த்தால் ஆளையே காணோம். அந்த நேரத்தில் புதிதாக வாங்க ஒரு டிக்கெட் 210 காட்டியது. "விடுப்பா, வீட்டுல டிவில பாத்துக்கலாம்" என்றார் அப்பா. உள்ளே இருந்து அத்தனை ஆயிரம் பேரின் கூச்சல் கேட்க, அவர் மதில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

டிக்கெட் உங்கள் கணக்கில் வந்து உட்காரும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். தெரியாதவரிடம் வாங்குவதைவிட, கிரெடிட் கார்டில் பணம் கட்டக்கூடிய மறுவிற்பனைத் தளமே மேல், விலை கூடுதலானாலும். 2025 மே மாதத்திலிருந்து எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம், பெரும்பாலான ஸ்டேடியங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி.

நீங்களே அனுப்பிய பணத்தைத் திருப்ப முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். கல்யாணக் கதை சொல்லி இதேபோல் உங்களிடமும் யாராவது நாலு டிக்கெட் விற்றிருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.